தன் இயல்பில் நிற்றல்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டைத் தொடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன; அடுத்திருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இந்த எல்லையோரக் கிராமங்களில் தாய்வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்தவீடு மற்றொரு மாநிலத்திலும் அமைந்த குடும்பங்கள் பல. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி, சந்தையில் இரண்டும் கலந்த ஒரு மொழி. இங்குள்ள ஒருவரிடம் "நீங்கள் தமிழரா, மலையாளியா?" என்று கேட்டால் விண்ணப்பப் படிவத்திற்கு உரிய விடை உடனே கிடைக்கும். அந்த விடை பொய்யன்று. அதனால் பயனும் உண்டு. ஆயினும் அந்த ஒரு சொல்லில் தம் வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டதாக அவர் நினைப்பதில்லை.

ஆன்மிக சாதகர்கள் தங்களைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றை ஆராய இந்த எல்லையோர மனிதரின் மனநிலை பெரிதும் உதவும். "நான் எந்த வகையைச் சேர்ந்தவன்? எனக்குப் பொருந்தும் வழி பக்தியா, ஞானமா, கர்மமா, தியானமா?" இக்கேள்வி பழமையானது. இன்று அது புதிய உடையில் வந்திருக்கிறது. அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் கல்லூரி முகாம்களிலும் வினாத்தாள் ஒன்றைத் தருகிறார்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்தால் "நீங்கள் இன்ன வகை மனிதர்" என்று முடிவு வருகிறது. ஒன்பது வகை என்பாரும் உண்டு, பதினாறு வகை என்பாரும் உண்டு. இவற்றை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. இயல்பை வகைப்படுத்தி அறிதல் எதற்காக, எந்த இடத்தில் அதை விட்டுவிட வேண்டும் என்பதே நாம் ஆராயவேண்டியது.

நம் முன்னோர் இதில் தேர்ந்தவர்கள். பகவத்கீதை முக்குணங்களைக் கொண்டு உணவையும் தானத்தையும் தவத்தையும் அறிவையும்கூட வகைப்படுத்துகிறது. இறைவனை நாடுவோரைத் துன்புற்றவர், அறிய விழைபவர், பொருள் வேண்டுபவர், ஞானி என நால்வராகப் பிரிக்கிறது. சைவ மரபு சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் ஓர் உயிருள்ள உருவத்தை நம் முன் நிறுத்தியது. உழவாரப் படையைத் தோளில் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய அப்பர் தொண்டரின் வடிவம். சம்பந்தர் மகனின் வடிவம். இறைவனையே தூது அனுப்பிய சுந்தரர் தோழரின் வடிவம். மாணிக்கவாசகர் ஞான நெறியின் வடிவம். ஓர் எளிய பக்தனுக்கு "சற்புத்திர மார்க்கம்" என்ற சொல் புரியாமல் போகலாம். குளக்கரையில் அழுத குழந்தை புரியாமல் போகாது. சுவாமி விவேகானந்தர் செயல்வீரர், அன்பர், தியானி, சிந்தனையாளர் என நான்கு மனப்பாங்குகளைக் கொண்டு நான்கு யோகங்களை விளக்கியதும் இதே மரபின் தொடர்ச்சியே. எந்தக் குழந்தைக்கு எது செரிக்குமோ அதற்கேற்ப ஒரே மீனைப் பலவிதமாகச் சமைக்கும் தாயை ஸ்ரீராமகிருஷ்ணர் உவமையாகக் காட்டுவார்.

மேலைநாட்டில் இத்துறையைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங். மனித மனங்களின் வகைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1921-இல் வெளிவந்தது. அகமுகமாகத் திரும்பும் மனம், புறமுகமாகத் திரும்பும் மனம் என்று இன்று எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பாகுபாட்டைப் பரப்பியது அந்நூலே. வீரன், தாய், முதுஞானி, தந்திரக்காரன் போன்ற உருவங்கள் எல்லா இனத்தாரின் கதைகளிலும் கனவுகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கண்டு அவற்றைத் தொல்படிமங்கள் என்று அவர் விளக்கினார். வகைகள் வேறு, தொல்படிமங்கள் வேறு. இன்றைய வினாத்தாள்கள் பல இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தருகின்றன. யுங் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கமாட்டார்.

அவர் நம் பகுதிக்கு வந்த செய்தி பலருக்குத் தெரியாது. கல்கத்தாவில் 1938 ஜனவரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு அழைக்கப்பட்டு, 1937-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பாரதம் வந்தார். அப்போது ரமண மகரிஷி திருவண்ணாமலையில் இருந்தார். யுங் அவரைக் காணச் செல்லவில்லை. ஞானிகளின் உண்மையைக் கடன் வாங்கித் தன்னுடையதாக்கிக் கொள்வது தனக்குத் திருட்டாகவே தோன்றும், தன்னுள் இருந்து தனக்குக் கிடைப்பதைக் கொண்டே தான் வாழவேண்டும் என்பது பிற்காலத்தில் வெளிவந்த அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் அவர் கூறிய காரணம். மகானின் தரிசனத்தைத் தவிர்த்தது இழப்பே என்று நமக்குத் தோன்றும். அவ்வாறே நானும் கருதுகிறேன். ஆனால் அந்த மறுப்பில் இருந்த நேர்மையைக் கவனிக்க வேண்டும். காவி நிறத்தைக் கண்டவுடன் அதை உடுத்திக்கொண்டு ஊர் திரும்பும் அவசரம் அவரிடம் இல்லை.

அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் அவர் வேறொருவரைச் சந்தித்தார். அவர் மகரிஷியின் அடியார், தொடக்கப்பள்ளி ஆசிரியர், அடக்கமான எளிய மனிதர், பல குழந்தைகளுக்குச் சோறிடவேண்டிய இல்லறத்தார். உலகத்தின் சுமை முழுவதையும் சுமந்துகொண்டே ஞானத்தில் ஊன்றி நின்ற அந்த மனிதரைப் பற்றி யுங் மிகுந்த மதிப்புடன் எழுதியிருக்கிறார். துறவி அந்தோணியாருக்கு அவரினும் சிறந்த அடியாராகக் காட்டப்பட்ட அலெக்சாந்திரியாவின் செருப்புத் தைப்பவரை நினைவுகூர்கிறார். நமக்கு மகாபாரதத்தின் தர்மவியாதர் நினைவுக்கு வருவார். இறைச்சிக்கடையில் அமர்ந்திருந்த அவரிடம்தான், பார்வையால் கொக்கை எரித்த தவசி தர்மம் கேட்டறியச் சென்றார். பள்ளி ஆசிரியர் மகரிஷியைப் போலக் குகையில் அமர முயலவில்லை. குருவை நேசித்தார், குருவின் வேடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வேடமும் வேடதாரியும்

வேடம் என்றதும் தென்திருவிதாங்கூர்க் கோயில்களின் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடக்கும் கதகளி நினைவுக்கு வருகிறது. அதில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனி முகம் இல்லை. இயல்பின் வகைக்கே முகம். பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்பவை அவற்றின் பெயர்கள். தர்மபுத்திரரும் நளனும் அர்ஜுனனும் பச்சை. இராவணனும் துரியோதனனும் கீசகனும் கத்தி. துச்சாசனன் சிவப்புத் தாடி, அனுமன் வெள்ளைத் தாடி. அரக்கியர்க்குக் கரி, முனிவர்க்கும் பெண்டிர்க்கும் மினுக்கு. மனித இயல்பைப் பற்றிய ஒரு சாத்திரமே அங்கே அரிசிமாவிலும் வண்ணத்திலும் எழுதப்படுகிறது.

இவற்றுள் கத்தி வேடம் நம் சிந்தனைக்குரியது. கத்தி முகத்தின் அடிநிறமும் பச்சையே. உயர்குணத்தின் அந்தப் பச்சையின்மீது, கன்னங்களில் கத்தி போல் வளைந்த சிவப்பைத் தீட்டுகிறார்கள். மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெண்மொக்குகளை வைக்கிறார்கள். இராவணனின் வீணையையும் சிவபக்தியையும் மறக்காத மரபு தீட்டிய முகம் இது. தீயவன் என்று நாம் ஒதுக்குபவனிடமும் பச்சை இருக்கிறது என்பதை அது சொல்கிறது. பச்சை என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ளும்போது, நம் கன்னத்தில் எங்கே சிவப்பு ஏறியிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்கிறது. மனிதன் தன்னுள் ஏற்க மறுத்து இருளில் தள்ளிய பகுதியை யுங் நிழல் என்றார். அது பெரும்பாலும் பிறர்மீது வெறுப்பாக வெளிப்படும் என்றும் காட்டினார். அணியறைத் தரையில் மணிக்கணக்கில் படுத்திருந்து முகம் எழுதிக்கொள்ளும் நடிகருக்கு, இந்த முகம் எழுதப்பட்டது என்பது தெரியும். இன்று கத்தி ஆடுபவர் நாளை பச்சை ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் எண்ணெய் தடவித் துடைத்துவிடுவார்.

வேதாந்தம் சொல்வதும் இதுவே. குணங்கள் பிரகிருதியைச் சேர்ந்தவை. அவற்றை அறிபவன் அவற்றுள் ஒன்றல்லன். "நான் ரஜோகுணம் மிக்கவன்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ரஜஸைக் கண்டு சொல்பவர் யார் என்ற வினா உடனே எழுகிறது. ஆனால் இந்த உண்மையை முதல் நாளே எடுத்துக்கொண்டு, "நான் சாட்சி, எனக்கு இயல்பு என்பதே இல்லை" என்று பேசத் தொடங்கினால் வரும் கேடு பெரிது. முகத்தில் வண்ணம் இருக்கும்வரை ஆட்டத்தைச் செம்மையாக ஆடியே தீரவேண்டும்.

அர்ஜுனனின் துன்பம் இங்கேதான் தொடங்கியது. பெரியோர்களைக் கொன்று அரசாள்வதைவிடப் பிச்சையெடுத்து உண்பதே மேல் என்று அவன் சொன்னது துறவின் மொழிபோல் ஒலிக்கிறது. (முன்பொருமுறை சுபத்திரையைக் கவர்வதற்காக அவன் துறவி வேடம் பூண்டு துவாரகையில் தங்கியதை பாகவதம் சொல்கிறது, அப்போதும் அந்த வேடம் அவனுக்கு நெடுநாள் ஒட்டவில்லை.) பகவான் துறவை இழித்துப் பேசவில்லை. துயரத்தினால் வந்த பின்வாங்கலைத் துறவு என்று பெயரிட்டு அழைப்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. "உன் இயல்பே உன்னைச் செயலில் ஈடுபடுத்தும்" என்ற கருத்தைக் கடைசி அத்தியாயத்திலும் நினைவூட்டுகிறார். குறையுள்ளதாயினும் தன் கடமையே தனக்கு மேலானது என்ற உபதேசம் கீதையில் இருமுறை வருவது தற்செயலன்று.

அருவிப்புறம் காட்டும் பாடம்

"தன் இயல்பு, தன் கடமை" என்ற சொற்களுக்கு இந்த நாட்டில் ஒரு கொடிய பொருளும் கற்பிக்கப்பட்டது. பிறந்த குலமே இயல்பு. அக்குலத்திற்கு வகுத்த எல்லையே கடமை என்றார்கள். ஒருவர் தம்முள் நோக்கிக் கண்டறியவேண்டியதைப் பிறர் வெளியிலிருந்து முத்திரையாகக் குத்தினார்கள். இதன் விளைவை நெய்யாற்றின்கரைப் பகுதி நன்கு அறியும். அதற்கான விடை எழுந்ததும் இப்பகுதியிலேதான்.

நெய்யாற்றின்கரையை அடுத்துள்ள அருவிப்புறத்தில், 1888-ஆம் ஆண்டு மகாசிவராத்திரி இரவில், ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் குலத்தில் பிறந்தவர் சிவனைப் பிரதிஷ்டை செய்வது அன்றைய வழக்கிற்கு முற்றிலும் முரணானது. சாதி வேறுபாடும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்து அங்கே பொறிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை அறியாதவர் கேரளத்தில் இல்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவரையும் அவரோடு சேர்த்துப் பேசப்படும் இருவரையும்.

முதலாமவர் தைக்காடு அய்யா (1814–1909). தமிழ் யோகியான இவர் திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியில் மேலாளர் பதவி வகித்தவர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். மக்கள் அவரை "சூப்பிரண்டு அய்யா" என்றே அழைத்தனர். இரண்டாமவர் சட்டம்பி சுவாமிகள் (1853–1924). வறுமையில் வளர்ந்து, இளமையில் மண் சுமந்து கூலிவேலை செய்தவர். கல்லிடைக்குறிச்சியில் தங்கிச் சாத்திரங்கள் கற்றவர். இசையிலும் தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். எந்த ஆசிரமத்தையும் கட்டி அமராமல் சுற்றித் திரிந்தவர். 1892-இல் எர்ணாகுளத்தில் சுவாமி விவேகானந்தர் அவரைச் சந்தித்துச் சின்முத்திரையின் பொருளைக் கேட்டறிந்தார். மூன்றாமவர் நாராயண குரு. இளையவர் இருவரும் அய்யாவிடம் யோகம் பயின்றனர் என்பது மரபு; இருவரும் நெருங்கிய நண்பர்களாய் ஒன்றாக அலைந்தவர்கள்.

மூவரும் நாடிய உண்மை ஒன்று. வாழ்ந்த முறைகளைப் பாருங்கள். அலுவலகம் சென்றுவந்த யோகி தம் சீடர்களை அலுவலகம் செல்லச் சொல்லவில்லை. ஊர்சுற்றிய பண்டிதர், தம் நண்பர் கோயில்களும் பள்ளிகளும் அமைப்பதைக் கண்டு தாமும் ஓர் இயக்கம் தொடங்க முற்படவில்லை. நூல்கள் எழுதினார், எறும்புக்கும் நாய்க்கும் அன்பு காட்டினார், பன்மனையில் உடல் நீத்தார். நாராயண குரு மருத்துவாமலைக் குகையில் தனித்துத் தவம் செய்தவர். மௌனம் அவரது இயற்கை. அந்த மௌனி மக்களின் துயரைக் கண்டு ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தார். வகைகளைப் பட்டியலிடுவோர் குழம்பிப்போவது இங்கேதான். அவர் தியானியா, ஞானியா, பக்தரா, செயல்வீரரா? தமிழிலும் மலையாளத்திலும் வடமொழியிலும் துதிகளும் தத்துவ நூல்களும் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் தந்தார். 1903-இல் உருவான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்திற்கு வழிகாட்டினார். வகை என்பது ஒருவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைச் சொல்லலாம். எதுவரை செல்வார் என்பதைச் சொல்லாது.

அந்த அமைப்பே அவரை ஒரு வகுப்பின் குருவாக மட்டும் காணத் தொடங்கியபோது என்ன செய்தார் என்பதையும் நோக்கவேண்டும். 1916-இல், தாம் சாதிமத வேறுபாட்டைக் கைவிட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், தம்மைத் தங்கள் வகுப்பினராகக் கருதிச் செயல்படுவோரால் தவறான எண்ணம் பரவுகிறது என்றும், தாம் எந்தச் சாதியிலும் மதத்திலும் சேர்ந்தவரல்லர் என்றும் அறிவித்தார். எதிரிகள் இட்ட முத்திரையை மறுப்பதற்குத் துணிவு போதும். அன்பர்கள் மலர்மாலையோடு கொண்டுவந்து இடும் முத்திரையை மறுப்பது அதைவிடக் கடினம். தன்னை அறிந்தவர்க்கே அது இயலும். கல்லில் தொடங்கிய அவரது பிரதிஷ்டைகள் பின்னாளில் விளக்காக மாறின. 1927-இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் கண்ணாடியாயிற்று.

இதே தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளியையும் (1863–1941) இங்கே நினைக்கலாம். எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் 1893-இல் வில்லுவண்டி ஏறிச் சென்றார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் மக்களின் குழந்தைகள் பள்ளி புக வேண்டும் என்று போராடினார். "பணிந்து நடப்பதே உன் இயல்பு" என்று ஊரே சொன்னபோது, அது என் இயல்பன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவருக்கு வினாத்தாள் கொடுத்து அதைச் சொல்லவில்லை.

சாதனையில் இதைக் கையாளும் முறை

வகைகளைப் பயன்படுத்துவோர் விழும் குழிகளுள் ஆழமானது, அவற்றைச் சாக்காக ஆக்குவது. "கோபம் என் சுபாவம், என்ன செய்வது?" என்பவரும், "நான் தியான இயல்பினன், எனவே நோயுற்ற தாயாரைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்" என்பவரும் இயல்பைப் பற்றிப் பேசவில்லை, வசதியைப் பற்றிப் பேசுகிறார்கள். இயல்பு நம் கடமையைச் செய்யும் முறையை நிர்ணயிக்கலாம். கடமையிலிருந்து விடுதலை தராது. பிறரை வகைப்படுத்துவது மற்றொரு குழி. முக்குணங்களைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவோர் பலர், வாசற்படி ஏறுமுன்பே வீட்டிலுள்ள தாமசர்களை எண்ணி முடித்துவிடுகிறார்கள்!

குணங்கள் ஒன்றையொன்று அடக்கி மாறிமாறி மேலெழும் என்று கீதை கூறுவதால், ஒரு நாளின் ஒரு வேளையில் தந்த விடைகளைக் கொண்டு வாழ்நாள் முழுவதற்கும் முடிவு கட்ட இயலாது. எனவே குறைந்தது ஒரு மாதம் கவனிப்பது நல்லது. இரவு உறங்குமுன் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதலாம். யாரும் சொல்லாமல், யாரும் பாராமல் இருந்தும் இன்று நான் மகிழ்ந்து செய்த செயல் எது? பிறர் மெச்சவேண்டும் என்பதற்காகச் செய்தது எது? இன்று யாரிடம் எனக்கு அளவுக்கு மீறிய எரிச்சல் வந்தது, அவரிடம் நான் வெறுத்த குணம் என்னிடம் எந்த உருவில் இருக்கிறது? முதல் வினா இயல்பைக் காட்டும். இரண்டாவது வேடத்தைக் காட்டும். மூன்றாவது, பச்சையின்மேல் ஏறியிருக்கும் சிவப்பைக் காட்டும். மாத இறுதியில் அக்குறிப்புகளை, நம்மோடு வாழ்பவர் ஒருவரிடம் காட்டி அவர் கருத்தைக் கேட்கலாம். மனைவியோ தமக்கையோ சிரித்தால் அச்சிரிப்பையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் வழி ஓரளவு தெளிந்தபின், குறைந்தது ஓராண்டாவது அதை மாற்றாமல் பின்பற்றவேண்டும். தொண்டில் மனம் செல்பவர் தொண்டையே பூஜையாகச் செய்யட்டும். ஜபத்தில் மனம் நிலைப்பவர் அதிலே ஆழட்டும். சமையலறையிலேயே நாள் முழுவதும் கழிகிறது, தியானத்திற்கு அமர்ந்தால் உறக்கம் வருகிறது என்று வருந்தும் தாய்மார்கள் பலர். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: இலையில் சோறு இடும்போது உறக்கம் வருகிறதா? வராது என்றால், உங்கள் மனம் விழித்திருக்கும் இடம் அதுதான். அங்கேயே இறைவனின் நாமத்தைச் சொல்லத் தொடங்குங்கள்.